ஒரு திட்டம் யாருக்குப் போய்ச் சேர்கிறது? சமூகப் பகுப்பாய்வு பற்றி ஓர் எளிய அறிமுகம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கும். அதைத்தான் கிணற்றிலிருந்து இறைத்துக் குடிக்கிறோம், தோட்டம் செய்கிறோம். பல இடங்களில் அந்த நீர் உவராகிவிட்டது. தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து நைத்திரேற்றையும் ஏற்றிவிட்டன. ஆகவே வெளியிலிருந்து குடிநீர் கொண்டுவர வேண்டும் என்ற முடிவு வந்தது. கிட்ட இருக்கிற பெரிய குளம் கிளிநொச்சியின் இரணைமடு. அணைக்கட்டை உயர்த்தினால் கூடுதலாக நீர் தேங்கும், அந்தக் கூடுதலைக் குழாயில் இங்கே கொண்டுவரலாம் என்று திட்டம் போட்டார்கள். ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் அதற்குக் கடன் அங்கீகரித்தது.

கிளிநொச்சியின் நெல் விவசாயிகள் மறுத்தார்கள். கூட்டம், மகஜர், அறிக்கைப் போர் என்று வருடங்கள் போயின. கடைசியில் இரணைமடு நீரை விட்டுவிட்டு, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கலாம் என்று திட்டம் மாறியது. அங்கேயும் கேள்வி வந்தது: உப்பைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் கழிவுநீரைக் கடலில் விட்டால் எங்கள் மீன் என்ன ஆவது என்று கடற்றொழிலாளர்கள் கேட்டார்கள். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரக்கூடிய அந்த நிலையம் 2024இல்தான் திறக்கப்பட்டது. கடன் அங்கீகாரத்துக்கும் திறப்புக்கும் இடையில் 14 வருடங்கள்.

சமூகப் பகுப்பாய்வு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். குளத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்ற கேள்விக்குப் பொறியியலாளர் பதில் சொல்லுவார். அந்த நீர் யாருடையது என்று சனங்கள் நினைக்கிறார்கள், யார் அதைப் பங்கிடுகிறார்கள், பங்கு குறைந்தால் முதலில் யாருடைய வயல் காயும் என்பதெல்லாம் வேறு வகைக் கேள்விகள்.

சிறுபோகத்தை, அதாவது கோடைகால நெற்செய்கையை, எடுத்துக்கொள்ளுங்கள். மாரியில் செய்யும் காலபோகத்தில் மழை கைகொடுக்கும். சிறுபோகம் குளத்து நீரை நம்பித்தான் நடக்கும், எல்லா வயலுக்கும் அந்த நீர் போதாது. அதனால் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடி, குளத்தில் உள்ள நீரைப் பார்த்து, இந்த முறை இத்தனை ஏக்கர்தான் என்று தீர்மானித்துப் பங்கிடுவார்கள். ஒவ்வொரு சிறுபோகத்திலும் நீர் போதாமல் பங்கு போட்டுக்கொள்ளும் ஒருவரிடம் போய் "மேலதிக நீர்" என்று சொன்னால், அவருக்கு அது விளங்காது. அவருடைய கணக்கில் மேலதிகம் என்று ஒன்று இல்லவே இல்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு நாள் பின்வரிசையில் இருந்து கேட்டிருந்தாலே இது தெரிந்திருக்கும்.

கிளிநொச்சி விவசாயிகள் என்று ஒரே ஆளும் கிடையாது. வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவர், கடைக்கோடியில் உள்ளவர், குத்தகைக்குச் செய்பவர், வயலே இல்லாமல் கூலிக்குப் போகிறவர் என்று நான்கு பேருக்கும் நான்கு விதமான இழப்பு. இந்தப் பக்கமும் அப்படித்தான். வளவுக்குள் நல்ல கிணறு உள்ள நல்லூர்க்காரருக்கும், தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டியை எதிர்பார்த்திருக்கும் தீவகத்துக் குடும்பத்துக்கும் குழாய்த் தண்ணீர் ஒரே விஷயம் கிடையாது. இந்த வேறுபாடுகளை யாரும் முன்னுக்கு எடுத்துவைக்காததால், பிரச்சினை "யாழ்ப்பாணமா, கிளிநொச்சியா" என்று ஊர்ச்சண்டை மாதிரி ஆகிவிட்டது. யாருக்கு எவ்வளவு, வறட்சி வருடத்தில் என்ன செய்வது, இழப்புக்கு ஈடு என்ன என்று பேரம் பேசுவதற்கான இடம் அதிலேயே போய்விட்டது.

சரி, இப்போது வரையறை. ஒரு திட்டமோ கொள்கையோ வரும்போது அது யாருக்குப் போகும், யார் கையால் போகும், யாருடைய செலவில் போகும், யார் வெளியே நிற்பார்கள் என்பதை முடிவெடுக்க முன்னரே தேடிப் பார்ப்பதுதான் சமூகப் பகுப்பாய்வு. தேடிப் பார்த்ததை முடிவெடுப்பவர் மேசைக்குக் கொண்டுபோய், முடிவை அது தொடும்படி செய்வது அதன் இரண்டாவது பாதி. முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு நிறுத்துபவர்கள் நிறையப் பேர்.

உலக அளவில் இதன் வரலாறு நீண்டதில்லை. உலக வங்கியில் மைக்கேல் சேர்னியா என்ற சமூகவியலாளர் 1974இல் சேர்ந்தார். அங்கே அப்படி ஒருவர் பணிக்கு எடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை. பெரிய அணைகளால் இடம்பெயர்க்கப்பட்டவர்களை என்ன செய்வது என்பதற்கு 1980இல் அந்த வங்கி கொள்கை வகுத்தது. 2000களின் தொடக்கத்தில், மானியத்தை வெட்டுவது, கட்டணத்தைக் கூட்டுவது போன்ற சீர்திருத்தங்கள் ஏழைகளை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராயும் முறையும் வந்தது. இன்று கடன் கொடுக்கும் பெரிய வங்கிகள் எல்லாம் இதற்கென்று விதி வைத்திருக்கின்றன. ஆவணத்தில் ஓர் அத்தியாயமாக அது இருப்பது சுலபம். அந்த அத்தியாயத்தால் குழாய் போகும் பாதையோ பயனாளி பட்டியலோ மாறியதா என்றுதான் பார்க்க வேண்டும்.

காணி உறுதி இருந்தும் கடன் கிடைக்காத பெண்

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் இது பிடிபடாது. ஓர் உதாரணத்தைக் கிட்ட வைத்துப் பார்ப்போம்.

பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்குச் சுயதொழில் கடன் கொடுக்க ஒரு திட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல நோக்கம், வட்டியும் குறைவு. காணியைப் பிணையாக வைத்தால் போதும் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பெண்களுக்குச் சீதனமாகக் காணி எழுதும் வழக்கம் இருப்பதால் பலருக்குத் தங்கள் பெயரிலேயே உறுதி உண்டு. ஆகவே இந்தத் திட்டம் இங்கே மற்ற மாவட்டங்களைவிட நன்றாக ஓடும் என்றுதான் கொழும்பில் இருந்து பார்ப்பவருக்குத் தோன்றும்.

ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமை இன்றும் யாழ்ப்பாணத் தமிழருக்குச் சட்டம். அதோடு சேர்ந்து 1911இல் வந்த திருமண உரிமைகள், மரபுரிமை பற்றிய கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது. காணி அவளுடையது, கையெழுத்து அவனுடையது. கணவன் 2009இல் காணாமல் போயிருந்தால்? அவன் இறந்தான் என்ற சான்றிதழை எடுக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்ப வேண்டும்? சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வழி உண்டு. ஆனால் சட்டத்தரணிக்குக் காசு வேண்டும், தவணைக்குத் தவணை போய்வர வேண்டும். அந்தக் காசு இருந்தால் அவள் கடன் கேட்டே வந்திருக்க மாட்டாள்.

கிட்டப் போனால் இன்னும் சில தெரியவரும். வங்கி முகாமையாளர் சட்டப்படிதான் நடக்கிறார். அபிவிருத்தி உத்தியோகத்தர் பட்டியலில் அவளுடைய பெயரைச் சேர்த்துவிட்டார், அவருடைய வேலை முடிந்தது. கூட்டத்தில் அவள் எழும்பிக் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் கணவன் இருக்கிறாரா இல்லையா என்ற பேச்சு ஊர் நடுவில் வரும். ஆகவே திட்டத்தின் முன்னேற்ற அறிக்கையில் "பயனாளிகள் ஆர்வம் காட்டவில்லை" என்று ஒரு வரி ஏறும். அடுத்த வருடம் அவர்களுக்கு ஊக்கமூட்டும் பயிற்சிப் பட்டறை நடக்கும்!

இங்கே பகுப்பாய்வு செய்ய வேண்டியது, அந்த ஒரு வரிக்குப் பின்னால் போய்ப் பார்ப்பது. காணிப் பிணையை எடுத்துவிட்டு, கூட்டுறவுச் சங்க அங்கத்துவத்தையோ இரண்டு பேரின் தனிப்பிணையையோ ஏற்கலாமா என்று கேட்கலாம். காணாமல் போனவரின் குடும்பத்துக்கு நீதிமன்ற அனுமதியைச் செலவில்லாமல் பெற்றுத்தரச் சட்ட உதவி ஆணைக்குழுவைத் திட்டத்தோடு இணைக்கலாமா என்று கேட்கலாம். 1911ஆம் ஆண்டுப் பிரிவையே திருத்த வேண்டும் என்பது பெண்கள் அமைப்புகள் நெடுநாளாகக் கேட்டுவருவது, நியாயமானதும்கூட. அது வரும்வரை காத்திருக்காமல் திட்டத்தின் ஒரு நிபந்தனையை மாற்றினாலே நூற்றுக்கணக்கான பேருக்குக் கதவு திறக்கும்.

யாரைக் கேட்பது, எங்கே கேட்பது

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உண்டு. ஒரு கிராம அலுவலர் பிரிவுக்குள்ளேயே பல சமூகங்கள் வாழும். காலை 10 மணிக்குப் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் என்று அறிவித்தால் யார் வருவார்கள்? கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், மாதர் சங்கச் செயலாளர், இளைப்பாறிய ஆசிரியர், கோயில் பரிபாலன சபையில் இருப்பவர். இரவு கடலுக்குப் போனவர் அந்த நேரம் நித்திரை. வெங்காயம் பிடுங்கப் போன பெண் தோட்டத்தில் நிற்பாள். மூன்று சில்லு வண்டிலில் வருபவருக்கு மண்டபத்துப் படி ஏற முடியாது. வந்தவர்கள் சொன்னதை "கிராமத்தின் கருத்து" என்று எழுதிக்கொண்டு வருவது எவ்வளவு பெரிய தவறு என்று யோசித்துப் பாருங்கள்.

கிராம ஆய்வு முறைகளை வளர்த்தவர்களில் முக்கியமானவரான ரொபர்ட் சேம்பர்ஸ் இதை 1980களிலேயே சுட்டிக்காட்டினார்: வெளியிலிருந்து வருபவர்கள் தார் வீதி ஓரத்தை, மழையில்லாத மாதத்தில், ஆண்களிடம், திட்டம் ஏற்கெனவே நடக்கும் இடத்தில் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். நம் ஊருக்கு இது அப்படியே பொருந்தும். பருத்தித்துறை வீதியிலும் காங்கேசன்துறை வீதியிலும் வாகனத்தில் போனால் வறுமை கண்ணில் படாது. கார்த்திகை மழையில் உள் ஒழுங்கைகளுக்குள் இறங்கி நடந்தால் படும்.

ஆகவே நேரத்தையும் இடத்தையும் மாற்ற வேண்டும். மீன் இறங்கும் நேரத்தில் கரையில் நிற்பது, சங்கக்கடை வாசலில் பேச்சுக் கொடுப்பது, பிள்ளைகளைக் கூட்டிப்போக முன்பள்ளிக்கு வரும் தாய்மாரோடு கதைப்பது எல்லாம் பயன் தரும். பெரிய தாளை நிலத்தில் விரித்து, ஊரை வரையச் சொல்லும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. வீதி, கோயில், பள்ளிக்கூடம், குளம் என்று முதலில் வருபவை எல்லாருக்கும் தெரிந்தவை. அப்புறம் கிணறுகளைக் குறிக்கச் சொல்ல வேண்டும். எது குடிக்கிற கிணறு, எது தோட்டக் கிணறு, கோடையில் எது வற்றும் என்று கேட்டுக்கொண்டே போனால், ஓரிடத்தில் குரல் தாழும். "அந்தக் கிணத்தில எங்கட ஆக்கள் அள்ளுறேல்லைப் பிள்ளை" என்று ஒரு அம்மா சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். சாதி பற்றி நேரே கேட்டிருந்தால் "இப்ப அதெல்லாம் இல்லை" என்றுதான் பதில் வந்திருக்கும். பொதுக் கிணறு கட்டும் திட்டத்துக்கு அந்த ஒரு வசனம், நூறு படிவங்களைவிட முக்கியம்.

சாதியும் காணியும் இங்கே எப்படிப் பின்னியிருக்கின்றன என்பதை நலன்புரி முகாம்களின் கதையும் காட்டியது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் போருக்குப் பின் கட்டம் கட்டமாக விடப்பட்டன. காணி உள்ளவர்கள் போனார்கள். முகாமில் கடைசிவரை இருந்தவர்களில் பலர், இடம்பெயர முன்னரும் சொந்தக் காணி இல்லாதவர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். காணியை விட்டால் எல்லாரும் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்ட கொள்கைக்கு, போக இடமில்லாதவர்கள் கண்ணில் படவில்லை. வீட்டுத்திட்டத்துக்கும் காணி வேண்டும். அவர்களுக்கு முதலில் வேண்டியது காணி, பிறகுதான் வீடு. யார் ஏன் இன்னும் முகாமில் என்று குடும்பம் குடும்பமாகக் கேட்காமல் இந்த வரிசை தெரியவராது.

எண்ணிக்கையும் வேண்டும். கதை மட்டும் கொண்டுபோனால் "இது ஒன்றிரண்டு பேருடைய பிரச்சினை" என்பார்கள். எண் மட்டும் கொண்டுபோனால் காரணம் விளங்காது. கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகப் புள்ளிவிவரக் கிளையிலும் உள்ள தரவை முதலில் எடுத்துவிட்டு, அதில் இல்லாததை மட்டும் சனங்களிடம் கேட்பது மரியாதை. போருக்குப் பிறகு வடக்கில் கேள்விக்கொத்தோடு வந்து போனவர்களுக்கு அளவில்லை. "எத்தனை பேர் வந்து எழுதிக்கொண்டு போயிட்டினம்" என்று சனங்கள் சொல்வதில் களைப்பும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. இழந்தவர்களிடம் இழப்பைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கக் கூடாது. பெயரையும் அடையாளத்தையும் அறிக்கையில் போடக் கூடாது.

குறிகாட்டிகளை நம்பும் நலன்புரித் திட்டங்களுக்கும் இது பொருந்தும். 2023 ஜூலையில் தொடங்கிய அரசின் நலன்புரி உதவித்தொகைத் திட்டமான அஸ்வெசும, 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களை வகைப்படுத்துகிறது. அரசியல்வாதியின் சிபாரிசுக்கு இடமில்லாமல் செய்ய வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். பட்டியல் வந்ததும் நாடு முழுவதும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் வந்து குவிந்தன. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா கொடுத்தார்கள். அது போதாமல் கடன்பட்டு, நகை அடகு வைத்துக் கட்டி முடித்தவர்கள் ஏராளம். வீட்டின் நிலையும் ஒரு குறிகாட்டி என்றால், கடனைக் கொடுத்த அதே சீமெந்து வீடு அந்தக் குடும்பத்தைப் படிவத்தில் வசதியாகக் காட்டிவிடும். குறிகாட்டியை வடிவமைப்பவர் மேசையில் இந்த ஊரின் கடன் கதையும் இருக்க வேண்டும்.

மேசைக்குக் கொண்டுபோவது

ஆய்வு செய்து, கொள்கை மாறிய கதைகளும் உண்டு. அவற்றில் ஒன்று, போரால் பாதிக்கப்பட்ட வடக்குக்கும் கிழக்குக்கும் 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் கொண்டுவரும் திட்டம். ஒரு வீட்டின் விலை ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா என்றார்கள். பொறியியலாளர்களும் சமூக ஆய்வாளர்களும் மாதிரி வீடுகளைப் பார்த்துவிட்டு எழுதினார்கள்: இந்த வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் பொருந்துமா, குடும்பம் பெருகினால் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டலாமா, விறகடுப்பு எங்கே வைப்பது, உள்ளூர் மேசன்மாருக்கும் தச்சருக்கும் கிடைக்க வேண்டிய கூலி எங்கே போகிறது? இதோடு நிற்காமல், கல்வீட்டை இதைவிட மிகக் குறைந்த செலவில் கட்டலாம் என்ற மாற்றுக் கணக்கையும் முன்வைத்தார்கள். பாராளுமன்ற உறுப்பினர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். முன்மொழிந்தபடி அந்த 65,000 வீடுகள் வரவில்லை.

இது ஏன் பலித்தது என்று பார்த்தால், முதல் காரணம் நேரம். வேலை தொடங்க முன்னரே ஆய்வு வெளியே வந்துவிட்டது. கேள்விப்பத்திரம் திறந்து, ஒப்பந்தக்காரர் கல்லும் மண்ணும் பறித்த பிறகு கொடுக்கும் அறிக்கையைப் பிரதேச செயலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. மற்றக் காரணம், "இது வேண்டாம்" என்பதோடு "இதற்குப் பதில் இது, இவ்வளவு செலவில்" என்பதும் சேர்ந்து போனது. முடிவெடுப்பவருக்கும் தன் மேலதிகாரிக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும். அதை நாங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நுண்கடன் விஷயத்தில் பாதி வெற்றி. பகலில் வீட்டில் இருக்கும் பெண்களை நுண்கடன் நிறுவனங்கள் தேடி வந்து கடன் கொடுத்தது, குழுப் பிணையால் அயலவரே ஒருவரை ஒருவர் நெருக்கும் நிலை வந்தது, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தது எல்லாம் பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் வெளியே கொண்டுவந்தவை. 2018இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களில், மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்தவற்றைத் தீர்த்து வைப்பதாக அறிவித்தது. வருடத்துக்கு 35 வீதம் என்ற வட்டி உச்சவரம்பும் வந்தது. ஆனால் அந்த நிபந்தனையைத் திரும்ப வாசியுங்கள். தாலிக்கொடியை அடகு வைத்துத் தவணை தவறாமல் கட்டிய பெண்ணுக்கு அதில் ஒன்றும் இல்லை. நிவாரணத்தின் வரைவை எழுதியவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, சனங்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்று விளக்கியிருந்தால் அந்த வரி வேறு மாதிரி வந்திருக்கலாம். ஆய்வாளர்களின் வேலை அறிவிப்பு வரும் நாளோடு முடிவதில்லை. நிபந்தனை எழுதும் நாளில்தான் அது மிகவும் தேவைப்படுகிறது.

யாரிடம் கொண்டுபோவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் தேர்தல் இல்லாமல் வருடங்கள் ஓடின, ஆளுநரும் செயலாளர்களுமே முடிவெடுத்தார்கள். உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே மாதம் தேர்தல் நடந்தது. மாவட்டத்தில் அப்படி 17 சபைகள் இருக்கின்றன. உள் வீதி, வடிகால், சந்தை, பொதுக் கிணறு எல்லாம் அவற்றின் கையில். பெரிய திட்டங்கள் கச்சேரியில், அதாவது மாவட்ட செயலகத்தில், நடக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு வரும். அங்கே ஒரு விஷயத்துக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். எண்பது பக்க அறிக்கையை அங்கே யாரும் வாசிக்கப் போவதில்லை. இரண்டு பக்கம், ஒரு வரைபடம், மாற்ற வேண்டிய நிபந்தனை எது என்று ஒரு வசனம், செலவுக் கணக்கு: இவ்வளவு போதும். நீண்ட அறிக்கை, யாராவது ஆதாரம் கேட்டால் எடுத்துக் கொடுக்கக் கையில் இருக்கட்டும்.

நீங்கள் மாணவரோ, சங்கத்தில் இருப்பவரோ, புதிதாக வேலைக்குச் சேர்ந்த உத்தியோகத்தரோ, உங்கள் ஊருக்கு வரப்போகும் ஒரே ஒரு திட்டத்தைத் தெரிவுசெய்யுங்கள். பெரியதாக இருக்க வேண்டியதில்லை, ஒரு வடிகாலோ சந்தைத் திருத்த வேலையோ போதும். திட்ட முன்மொழிவையும் பயனாளி தெரிவு நிபந்தனைகளையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த நாட்களில் சும்மா இருக்காமல், சந்தையில் கடை வைத்திருப்பவரோடு மட்டும் நிற்காமல் வெளியே சாக்கு விரித்துக் கீரை விற்கும் பெண்ணோடும், மரக்கறி மூட்டை இறக்கும் தொழிலாளியோடும், மீன் வெட்டுபவரோடும் கதையுங்கள். புதிய கட்டடம் வந்தால் கீரை விற்கும் பெண்ணுக்கு இடம் உண்டா, நாள் வாடகை எவ்வளவு, பெண்களுக்கு மலசலகூடம் எங்கே என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதை முதலில் அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். "இது சரியில்லை" என்று அவர்கள் திருத்துவார்கள். திருத்திய பிரதியோடு, சபை வரவுசெலவுத் திட்டத்தைத் தயாரிக்கத் தொடங்க முன்னர் உங்கள் வட்டார உறுப்பினரைப் போய்ச் சந்தியுங்கள், முடிந்தால் கீரை விற்கும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு.